ஏழு சிப்புகளில் மூன்றாவது

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா? போன் போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் சிப் கம்பெனிக்காரர்களோடு உன் ஆய்வுக்கூடம் கடிதத்தில்தான் பேசுமாம், வந்ததையெல்லாம் கோப்பில் வைக்குமாம். நல்ல சட்டம் போ! நம் விடுதி அறையைக் காலி செய்து பன்னிரண்டு வருடம் கழித்து உனக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டார்கள்.

எங்கள் புது டிஎஸ்பி சிப்பும் அதற்கான கம்பைலரும் பார்சலில் வருகின்றன. காது மிஷினுக்குள் உட்கார்ந்து இரைச்சலைக் கழித்துப் பேச்சை மட்டும் தருகிற சிப். உன் ஒப்பீட்டுப் பட்டியலில் முதலிடம் வராவிட்டால் என் குழுவையே கலைத்துவிடுவார்கள். பதினொரு பேர், செல்லம். கொஞ்சம் பார்த்துச் செய்.

உன் குட்டச்சி

மார்ச் 11

அடி குட்டச்சி,

உன் கடிதம் கோப்பில் 41ஆம் எண். ‘செல்லம்’ வந்த இடத்தை எங்கள் எழுத்தர் அம்மா இரண்டு தடவை படித்தார்.

ஏழு கம்பெனிச் சிப்புகளிலும் ஒரே புரோகிராமை ஓட்டினேன். நாம் இருவரும் ஒரே மேசையில் எழுதி, விடுதிப் பூனையின் பெயரை வைத்தோமே, அதேதான். அடுத்து வந்த சிப்புக்கு ஆன நேரத்தில் பாதியில் உன்னுடையது முடித்துவிட்டது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் சிப்பைத் தொட்டுப் பார்த்தேன். அத்தனை வேலை செய்தது சூடே ஆகவில்லை.

உள்ளே ஒரு வரியைக்கூட மாற்றாமல், பூனையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நேரம் மும்மடங்கு. மூன்றாம் இடம்.

புரோகிராமைச் சிப்புக்கு மொழிபெயர்க்கும்போது உங்கள் கம்பைலர் அந்தப் பெயரைக் கண்டதும், கணக்கில் பெரும்பகுதியைப் போடாமல், தயாராக வைத்த விடையை எடுத்து நீட்டுகிறது. யார் செய்த வேலை இது? ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இரண்டு எண்களையும் பட்டியலில் போடப்போகிறேன்.

நெட்டை

மார்ச் 15

நெட்டை,

எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு நீதிபதி வேஷம் போடாதே. நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் ரெக்கார்டு நோட்டை முழுக்க எழுதியது யார்? அப்போது நியாயம் எங்கே போயிருந்தது? ஒரே ஒரு எண். உன்னால் விட முடியாதா?

இதைக் கோப்பில் வைக்காதே. கிழித்துப் போடு.

குட்டச்சி

மார்ச் 18

குட்டச்சி,

வைத்தாயிற்று. 44ஆம் எண்.

மற்ற ஆறையும் பெயர் மாற்றி ஓட்டினேன். எதுவும் அசையவில்லை. உன் ‘எல்லாக் கம்பெனியும்’ உன் கம்பெனி மட்டும்தான். எங்கள் இயக்குநர் வந்து, “ரெண்டாவது எண்ணை அடிக்குறிப்பா போட்டுடலாமேம்மா” என்றார். “அப்ப என் கையெழுத்தையும் அங்கயே போட்டுக்கோங்க சார், நான் வீட்டுக்குப் போறேன்” என்றேன். பட்டியலிலேயே போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ரெக்கார்டு நோட்டை மறக்கவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, நீங்கள் கேட்காத ஒன்றையும் அளந்தேன். உன் சிப்தான் ஏழிலும் குறைவாக மின்சாரம் குடிக்கிறது, பொய் சொல்லாதபோதும். அதைப் போட்டால் காது மிஷினின் பேட்டரி ஒரு நாள் கூடுதலாக வரும். இத்தனை நல்ல சிப்பைச் செய்துவிட்டு ஏன்டி திருட்டு முதலிடம்? எனக்கு அழுகையாக வந்தது.

பட்டியல் ஏப்ரல் 5 வெளியாகும். நீ என்ன எழுதினாலும் மாறாது.

நெட்டை

ஏப்ரல் 2

நெட்டைக்கு,

இதையும் கோப்பில் வை. எழுத்தர் அம்மா மூன்று தடவை படிக்கட்டும்.

அந்த வரிகளை எழுதியது நான்தான். பூனையின் பெயர் எனக்குத்தானே தெரியும்! நேற்று நானே அழித்தேன். “யாரைக் கேட்டும்மா அழிச்ச?” என்று மேலாளர் குதித்தார். “எழுதும்போது நீங்க கேக்கலையே சார்” என்றேன். புது கம்பைலர் இத்துடன் வருகிறது. மறுபடி ஓட்டு, வருகிற எண்ணைப் போடு.

பேட்டரிக் கணக்கைக் காட்டியதும் குழுவைக் கலைக்கும் பேச்சு நின்றுவிட்டது. மற்ற பத்துப் பேரும் இருக்கிறார்கள். என்னை மட்டும் இன்றோடு அனுப்பிவிட்டார்கள். போகட்டும், தலை குனிந்து வெளியே வரவில்லை.

உங்கள் சட்டம் கம்பெனிக்காரர்களுக்குத்தானே? இது கைக்கு வந்ததும் போன் போடு. உன்னைத் திட்ட நிறைய வைத்திருக்கிறேன்.

குட்டச்சி