பேப்பர் கப் இருக்கிற பக்கம்

என் பிரியமான ரத்னா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் சிவப்பு மைப் பேனா கிடைக்குமா தெரியாது. கிடைத்தால் இந்தக் கடிதத்தையும் திருத்தாமல் விடமாட்டாய். "வேணி, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டாத, ஒவ்வொண்ணாச் சொல்லு" என்பாய். சரி, ஒவ்வொன்றாகவே சொல்கிறேன்.

முதல் சேதி, நம் புத்தகத்தை ஒரு பதிப்பகம் கேட்டது. நீ எழுதி நான் படம் போட்ட 'மாமா வர்ற பஸ்'தான். நாம் ஓசூரில் அச்சடித்த பிரதிகள் எல்லாம் தீர்ந்துபோய், என்னிடம் மிஞ்சிய ஒன்றும் அட்டை கழன்று கிடந்த நேரத்தில் சென்னையில் இருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே பதிப்பாசிரியர், தன்மையான மனுஷி. குடிமைப் பண்பு, சமூக உணர்வு இதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்கிற கதை வரிசை ஒன்று கொண்டுவருகிறார்களாம். மாநிலம் முழுக்கப் பள்ளி நூலகங்களுக்குப் போகுமாம். நம் பக்கத்தை விட்டு வெளியே போகுமா என்று, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுகூட நீ கேட்டது இதைத்தானே? "நம்ம புக்கு தொப்பூர் கணவாய் தாண்டுமா வேணி?"

தாண்டும் என்றார்கள் அக்கா. ஒரே ஒரு பக்கத்தை மாற்றிக் கொடுத்தால்.

எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இதை எட்டிப் பார்த்துப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கதை சின்னது. காலனியில் இருக்கிற ஒரு சிறுமியின் மாமா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். காலையில் கம்பெனி பஸ் வரும். உள்ளே ஒருத்தர் கன்னடத்தில் சண்டை போடுவார், இன்னொருத்தர் தெலுங்கில் சமாதானம் செய்வார், பின்சீட்டில் இந்திப் பாட்டு ஓடும். கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே மாதிரித் தட்டு. சாயங்காலம் பஸ் ஊருக்குத் திரும்பும். மாமாவும் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கிற சிநேகிதரும் ஒன்றாக இறங்கி டீக்கடைக்குப் போவார்கள். சிநேகிதர் கையில் கண்ணாடி கிளாஸ். மாமா கையில் பேப்பர் கப். படத்துக்குக் கீழே ஒரே சொல்: 'ஏன்?'

அந்த மாமா உன் தம்பி முருகேசன். அந்தக் கடை என் பெரியப்பா மகன் மாதேஷ் அண்ணனுடையது. நீ காலனி, நான் ஊர். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டதையே சிலர் அதிசயமாகப் பார்த்தார்கள், அதில் இப்படி ஒரு பக்கம் வேறு.

பதிப்பாசிரியருக்கு பஸ் பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. "நாலு மொழி, ஒரே பஸ். இதைத்தாங்க தேடிக்கிட்டு இருந்தோம்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்த டீக்கடையில மட்டும் ரெண்டு பேருக்கும் கிளாஸ் குடுத்துடுங்களேன். 'ஏன்'ங்கறதை எடுத்துட்டு, 'இருவரும் டீ குடித்தார்கள்'னு போட்டுக்கலாம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்டேன். புத்தகத்தில் இருந்து எடுக்கச் சொன்ன சொல்லையே அவரிடம் கேட்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "சின்னப் பிள்ளைங்க படிக்கிறது வேணி. இது தெரியாத பிள்ளைக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீம்புக்குப் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இதில் வேடிக்கை, அவர் கேட்ட படம்தான் நாம் முதலில் போட்டது. 'இருவரும் டீ குடித்தார்கள்' என்று எழுதியதும் நீதான். "கதையிலயாவது குடிக்கட்டுமே" என்றாய். நானும் இரண்டு கிளாஸ் வரைந்து கொடுத்தேன். அதை நீ பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பில் படித்துக் காட்டினாய். காலனிப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், படம் தப்பு. மாமாவுக்கு பேப்பர் கப்பு போடணும்" என்றாள். அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. மாட்டுக்கு ஐந்து கால் வரைந்திருந்தால் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாளாம்.

இதை என்னிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாய். பாதியிலேயே உன் சிரிப்பு நின்றுவிட்டது. "கப்பையே வரை. கீழ ஒரு கேள்வி ஒண்டி போடறேன்" என்றாய். பதிலையும் எழுதிவிடேன் என்றேன் நான். "பதில் எழுதினா புள்ளைங்க படிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடும். எழுதலன்னா வூட்டுக்குப் போயி கேக்கும்."

கேட்கவும் செய்தன. அப்புறம் ரொம்ப நாள் மாதேஷ் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வைத்து, "உனக்கு வரையறதுக்கு வேற கடையே கெடைக்கலியா? ராயக்கோட்டை ரோடு முச்சூடும் கடைதான இக்குது" என்று அவர் சத்தம் போட்டது நினைவிருக்கிறதா? நீ பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "உங்க கடை டீதான் நல்லாயிக்கும்ணா, அதுக்கோசரம்தான்" என்றாய். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா தெரியாமல் மனுஷர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன்னைப் போல் எனக்கு வாய் வராது அக்கா. எனக்குக் கை மட்டும்தான்.

முருகேசனிடம் கேட்டேன். படத்தில் இருப்பது அவன், புத்தகம் அவன் அக்காவுடையது, அவனிடம் கேட்காமல் எப்படி? ஷிஃப்ட் முடிந்து வந்தவனை உங்கள் வீட்டு வாசலிலேயே பிடித்தேன். அவன் யோசிக்கவே இல்லை. "மாத்திடு வேணிக்கா. அக்கா எழுதனது நாலு ஊருக்குப் போவட்டும். கப்புல ஊத்துனா டீ தொண்டைல எறங்காதா என்னா?"

உடனே அவன் உள்ளே போகவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "என் பொண்ணு இப்ப ஒண்ணாவது போவுது. புக்கக் காட்டி, இது நீதானப்பான்னு கேக்கும். ஆமான்னு சொல்லிடுவேன். கீழ அக்கா ஒண்ணு எழுதி வெச்சிக்குதே, அதுக்கு நான் என்னாக்கா சொல்றது?"

அவன் கேட்டது நியாயம்தான். அதனால் மாற்றி வரைய உட்கார்ந்தேன். கப்பை அழித்துவிட்டு கிளாஸைப் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. பேப்பர் கப்பை நசுங்காமல் பிடிக்கிற விரல் வேறு, சூடான கிளாஸை மேல் விளிம்பில் பிடிக்கிற விரல் வேறு. கையை மாற்றினால் தோளும் மாறுகிறது. கடைசியில் முருகேசனை முழுவதுமாகப் புதிதாகத்தான் வரைந்தேன். கடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து கிளாஸைப் பிடித்திருக்கிற முருகேசன். அவனுக்கு அது நன்றாகவே பொருந்தியது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்துவிட்டது.

உடனே அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. உன் வகுப்பிலேயே போய்ப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு பிள்ளைகூடப் படம் தப்பு என்று சொல்லாவிட்டால் அனுப்பிவிடுவேன், காலம் மாறிவிட்டது என்று நீயும் சந்தோஷப்படுவாய். சொன்னால் அனுப்பமாட்டேன். ஏன், நேராகக் கடைக்கே போய்ப் பார்க்கக் கூடாதா என்பாய். இப்போது அங்கே மாதேஷ் அண்ணன் மகன் உட்காருகிறான். போர்டு புதுசு, காசு வாங்குகிற இடத்தில் க்யூஆர் கோடு எல்லாம் ஒட்டியிருக்கிறான். ஆனால் நான் போனால் எனக்கு கிளாஸில்தான் வரும். அதில் எனக்கு என்ன தெரிந்துவிடும்?

உன் இடத்துக்கு வந்திருக்கிற டீச்சர் திருப்பத்தூர் பக்கம். உன் அலமாரியைப் பூட்டாமல் வைத்திருக்கிறார், நல்லவர்தான். வகுப்பில் இப்போது காலனிப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், அதோடு கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் இருக்கிற ஒடிசா, பீகார்க்காரர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பஸ் பக்கம் வந்ததும் ஒரே அமளி. ஆளுக்கொரு பாஷையில் டிரைவரைக் கூப்பிட்டார்கள். நீ அதற்காகத்தான் அந்தப் பக்கத்தையே எழுதினாய்.

அப்புறம் டீக்கடை வந்தது. 'இருவரும் டீ குடித்தார்கள்' என்று படித்தேன். படத்தை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். முன்வரிசையில் காலனிப் பிள்ளைகள் பார்த்தார்கள், பேசாமல் இருந்தார்கள். ஊர்ப் பையன் ஒருத்தன் கொட்டாவி விட்டான். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நேரம் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லி மாளாது. மனசுக்குள் உன் புத்தகம் தொப்பூர் மலை ஏறிவிட்டது.

அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனபோது பின்னால் இருந்து ஒரு கை எழுந்தது. பிங்கி என்று ஒரு பிள்ளை. ஒடிசாவில் இருந்து வந்த குடும்பம். பள்ளியில் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தாள் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது எழுந்து நின்று, நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே இழுத்துச் சொன்னாள்.

"மிஸ், இந்தப் படம் தப்பா இக்குது. அந்த மாமாவுக்கு பேப்பர் கப்புலதான குடுப்பாங்க?"

"யாரும்மா சொன்னாங்க?" என்றேன்.

"யாரும் சொல்லல மிஸ். கடைல அப்பிடித்தான்."

"ஆமா மிஸ்" என்று முன்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னும் நாலைந்து. அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது அக்கா. தெரிந்தும் சும்மா இருக்கப் பழகிவிட்டார்கள். பிங்கி இன்னும் அதற்குப் பழகவில்லை, அதனால் சொல்லிவிட்டாள்.

தெரியாத பிள்ளைக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றாரே பதிப்பாசிரியர். அந்தத் தெரியாத பிள்ளையைத்தான் நான் தேடிக்கொண்டு போனேன். அது எங்கோ ஒடிசாவில் இருந்து வந்து, நம் தமிழைக் கற்றுக்கொண்டபோதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாம் பாடம் நடத்தினோமா? புத்தகம் போட்டோமா? கடைவாசலில் நாலு நாள் நின்றதே போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

முருகேசனிடம் சொன்னேன். "வெளியூர்ப் புள்ளையா சொல்லிச்சி?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "அப்ப கப்பையே போடுக்கா. என் பொண்ணு கேட்டா கேக்கட்டும். என்னா சொல்றதுன்னு நானும் ரோசன பண்றேன்" என்றான்.

பதிப்பாசிரியரிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். "எனக்குப் புரியுது வேணி. ஆனா இந்த வரிசையில இது கஷ்டம்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. இப்போதைக்கு நம் புத்தகம் தொப்பூர் தாண்டாது அக்கா. நீ கடைசியாக ஆசைப்பட்டதை நானே நிறுத்திவிட்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் அறுக்கிறது. நீ திட்டுவாயா, முதுகில் தட்டுவாயா? இரண்டையும் செய்வாய், எனக்குத் தெரியும்.

ஓசூரிலேயே மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன், 'ஏன்?' என்ற உன் சொல்லோடு. பையில் பத்து இருபது போட்டுக்கொண்டு கெலமங்கலம், குருபரப்பள்ளி என்று பஸ் போகிற பள்ளிக்கூடங்களுக்கு நானே போய்ப் படித்துக் காட்டப் போகிறேன். உன் அளவுக்குக் குரல் ஏற்றி இறக்கி வராது. படத்தைக் காட்டிக் காட்டிச் சமாளித்துக்கொள்கிறேன்.

இரண்டு கிளாஸ் இருக்கிற படத்தை நான் கிழிக்கவில்லை. மடங்காமல் அட்டைக்குள் வைத்து உன் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். போகிற பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் அதையும் எடுத்துப் போய் முதலில் அதைத்தான் காட்டுவேன். எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் படம் தப்பு என்று கையைத் தூக்காமல், மனசுக்குள்ளும் தூக்காமல், இரண்டு பேர் டீ குடிக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று கொட்டாவி விடுகிற அன்றைக்கு உன் கேள்வியை எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போடுவேன். அதுவரை முருகேசன் கையில் கப்தான் இருக்கும் அக்கா. இது என் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
படக்காரி வேணி