கோச்சிக்குக் கை காட்டும் உத்தியோகம்

9, திங்கள்

விடியவே மழை. நேசரிப் பள்ளி வாசலில் வெள்ளம். பிள்ளைகளின் செருப்பெல்லாம் மிதந்துபோய் இந்நேரம் மாலைதீவில் கரையொதுங்கியிருக்கும்.

முதுகு முறிந்துவிட்டது. போன கிழமை முறிந்த இடத்துக்குப் பக்கத்தில்.

போன கிழமை சேர்ந்த அக்ஷரா இன்றும் அழுகை. மூன்றரை வயது. தொண்டை கப்பல் சங்கு. அவள் தொடங்கினால் கல்கிசை வரைக்கும் நாய்கள் எழும்பும். தாய் துஷ்யந்திக்குக் கொழும்புக் கோட்டையில் புது வேலை. வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. எட்டேகால் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போகலாம்.

"அங்கிள், இனியும் பிந்தினால் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம். வெள்ளிக்குள்ள இவள் பழகாட்டி நான் வேலையை விடுறதுதான்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிறவர்களைச் சமாளிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் வழக்கம்: முன்வாசலில் நான் குரங்காட்டம் ஆட, தாய்மார் பின் கேற்றால் நழுவுவது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற இந்த மகானுக்கு வந்த உத்தியோகம். "புது டீச்சர் கிடைக்குமட்டும் ஒரு கிழமைக்கு வாங்கோ அண்ணா" என்று கூப்பிட்டது நேசரி நடத்தும் என் தங்கை வசந்தி. அந்த ஒரு கிழமை இன்னும் ஓடுகிறது. சூரியன் அணைந்தபிறகு முடியும்.

அக்ஷரா குரங்கைப் பார்க்கவில்லை. பின் கேற்றைப் பார்த்தாள். பிடிபட்டோம். துஷ்யந்தி இன்றும் பிந்தித்தான் போனாள்.

10, செவ்வாய்

வெயில். இன்றைய சேதம்:
- பச்சை கிரேயோன். தான் விழுங்கியதாக நாலு வயதுச் சாகிரே வாக்குமூலம். பிறகு அவன் சட்டைப் பையில் கண்டெடுப்பு.
- என் மூக்குக் கண்ணாடியின் இடது கால்.
- என் பொறுமை. மிச்சமிருந்த துண்டு.

இன்று குரங்கைக் கைவிட்டேன். தாய் போக வழிவிட்டு, அக்ஷராவைத் தூக்கிக்கொண்டு மேல்மாடி பல்கனிக்கு. அங்கே நின்றால் மரைன் டிரைவுக்கு அப்பால் தண்டவாளமும் கடலும். ரயில் வந்தது. "பார் பிள்ளை, அம்மா கோச்சியில போறா. கை காட்டுறா."

தாய் எந்தப் பெட்டியில் என்று எனக்கென்ன தெரியும்? மிதிபலகையில் தொங்கிய பத்தாயிரம் பேரும் அம்மா என்று வைத்துக்கொண்டேன். ஒரு பெடியன் கை காட்டினான். தெய்வம்.

கப்பல் சங்கு நின்றது.

அதன் பிறகு ரயில் சத்தம் கேட்டால் முழு வகுப்பும் பல்கனியில். மாத்தறை ரயில், எண்ணெய் ரயில், எல்லாவற்றிலும் அக்ஷராவின் அம்மா. எண்ணெய்த் தாங்கிக்குள் அமர்ந்து பயணம் செய்த முதல் பெண்மணி.

வசந்தி: "அண்ணா, இந்தப் பொய் எங்க போய் முடியப்போகுதோ?"

"கோட்டையில," என்றேன்.

11, புதன்

மப்பு வானம். அழுகை இல்லை. துஷ்யந்தி நேரத்துக்குப் போனாள். தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தேன், சரித்திரத்தில் முதல் தடவை. கால் இரண்டும் யாரோ இரவல் தந்தவை போல.

12, வியாழன்

திடீர் ரயில் வேலைநிறுத்தம். துஷ்யந்தி ஸ்டேஷன் வரை போய், திரும்பி ஓடி, பஸ்ஸில் தொங்கியிருக்கிறாள். வசந்திக்கு மெசேஜ் வந்தது. அதை அவள் எனக்குச் சொல்ல முன்னம் நான் பல்கனியில், பிள்ளையும் இடுப்புமாக.

ரயில் இல்லை. கடல் மட்டும்.

"கோச்சி வரேல்லை. அப்ப அம்மா போகேல்லை," என்றாள் அக்ஷரா.

புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவராலும் உடைக்க முடியாத வாதம். அம்மா இங்கேதான் எங்கேயோ ஒளித்திருக்கிறாள் என்று தேடத் தொடங்கினாள். அலுமாரி, பாய்ச் சுருள், கக்கூஸ் கதவுக்குப் பின்னால். வகுப்பே கூடத் தேடியது.

சாகிர்: "கோச்சி இல்லாட்டி ஆட்டோல போயிருப்பாங்க. எங்கட உம்மா ஆட்டோலதான் போற."

"மாமா கோச்சியெண்டுதான் சொன்னவர்."

எல்லாக் கண்களும் என்மேல். இந்த உலகத்தில் அவ்வளவு கண்கள் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

அக்ஷரா பின் கேற்றடியில் போய் இருந்துவிட்டாள். அழவில்லை, சாப்பிடவும் இல்லை. தாயைக் கூப்பிடுவோம் என்று வசந்தி. கூப்பிட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள், அத்தோடு எல்லாம் முடிந்தது. வேண்டாம் என்றேன். கேற்றடியில் நானும் இருந்தேன். இருப்பது சுலபம். எழும்பத்தான் பாரந்தூக்கி வேண்டும்.

"அம்மா இண்டைக்கு பஸ்ஸில போனவ. பின்னேரம் வருவா. அண்டைக்குக் கோச்சியில நான் அம்மாவைக் காணேல்லை. சும்மா சொன்னனான்."

"அப்ப ஆர் கை காட்டினது?"

"ஒரு அண்ணா."

"அந்த அண்ணா நல்லவர்."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாண் துண்டில் பாதியை மட்டும் தின்றாள்.

பின்னேரம் துஷ்யந்தியிடம் எல்லாம் சொன்னேன். "நாளைக்குக் கோச்சி ஓடினால் மெய்யாவே கை காட்டுங்கோ, பிள்ளை."

"அந்தச் சனத்துக்குள்ள கதவடிக்கு வரேலுமோ, அங்கிள்?" கையிலிருந்த குடையைப் பார்த்து, "குடையை நீட்டிப் பாக்கிறன்."

13, வெள்ளி

காற்று. ரயில் ஓடுகிறது. அக்ஷரா தாய்க்குத் தானே டாட்டா சொல்லிவிட்டு உள்ளே போனாள். சந்தேகத்தோடு பின்னால் போனேன். மேசைக்குக் கீழே அவளும் சாகிரும் களிமண்ணில் ரொட்டிக் கடை.

எட்டேகால். சத்தம் கேட்டது.

"வா பிள்ளை, கெதியா. இண்டைக்கு அம்மா மெய்யாவே கை காட்டுவா."

"இருங்கோ மாமா. ரொட்டி கருகுது."

தனியாக ஏறினேன். மூன்றாவது பெட்டி. கரைப்பக்கக் கதவில் சனத்துக்குள் அரை உடம்பு. செம்மஞ்சள் குடை ஒன்று வெளியே நீண்டு ஆடியது. கையில் கிடைத்தது பிள்ளைகளின் மூக்குத் துடைக்கும் துவாய். அதை ஆட்டினேன். தோள் கழன்று கடலில் விழும்வரை ஆட்டினேன்.

பின்னேரம் துஷ்யந்தி வந்தாள். "நேரத்துக்குப் போயிட்டன், அங்கிள். இனி வேலையை விடத் தேவையில்லை." பிறகு, மெதுவாக: "கண்டவளோ?"

உலகின் தலைசிறந்த பொய்யொன்றுக்காக வாயைத் திறந்தேன்.

"நான் ரொட்டி சுட்டனான், அம்மா," என்றாள் அக்ஷரா.

துஷ்யந்தி பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் வாரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் சரிசெய்தாள்.

"அப்ப ஆர் துவாய் காட்டினது?"

"நான்தான்."

கேற் வரை போய்த் திரும்பினாள். "திங்களும் காட்டட்டோ, அங்கிள்?"

"காட்டுங்கோ. நான் நிப்பன்."

திங்களுக்கு முன்: துவாய் தோய்க்க. முதுகுக்கு எண்ணெய்.