டப்பாவைச் சுற்றிப் போட்ட கோடு

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் கிங்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் உன் மீனும் சுகம். நீ சுகமாயிருக்க நாங்கள் இருவரும் ஜெபிக்கிறோம். மீனைப் பற்றித் தெரியாது.

ஞாயிறு அன்று வந்தேன். நீ வெளியே வர மறுத்ததாக வார்டன் சொன்னார். மதியம்வரை வராந்தாவில் இருந்துவிட்டு, அம்மா கொடுத்துவிட்ட கோழிக்குழம்பை பஸ் ஸ்டாண்டில் நானே சாப்பிட்டேன். உப்பு கூடுதல். நீ நன்றாகச் சாப்பிட்டாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மீன் தீனிக்கு நீ வளர்த்த கரப்பான்களை நான்தான் பார்க்கிறேன். உன் நோட்டில் உள்ளபடி டப்பாவில் முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்கி, கோழித் தீவனமும் கேரட்டும் வைத்தேன். முப்பது வருடக் கண்டக்டர் வேலையில், நான் கத்தாமலே உள்ளே நகரும் பயணிகளை இப்போதுதான் பார்க்கிறேன். எதிர்வீட்டு அப்பாத்துரை அண்ணாச்சி, "ஏன் வே, ஊர்ல எல்லாரும் கரப்பானை அடிச்சுக் கொல்லுதாவ, நீரு கேரட்டு வாங்கிப் போடுதீரு" என்று சிரிக்கிறார்.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. போன வாரம் தீவனத்துக்கு எறும்பு வந்தது. எனக்குப் பத்தாம் வகுப்பு மூளை. எறும்பு சாக்பீஸால் டப்பாவைச் சுற்றியும், உள்விளிம்பிலும் கோடு போட்டேன். அந்த மருந்து கரப்பானையும் கொல்லும் என்று தோன்றவில்லை; காலையில் பெரியவை எல்லாம் மல்லாந்து கிடந்தன. அம்மா பார்த்துவிட்டு, "காப்பாத்துதேன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் நீங்க இப்படித்தான் செய்யுதீய" என்றாள்.

வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி உன்னைக் காரில் ஏற்றியவன் நான். குடியை நிறுத்த ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று உன் முகம் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செத்தவற்றை மீனுக்குப் போடவில்லை, பயப்படாதே. அட்டைகளை உதறியபோது, உள்ளேயே ஒளிந்துகிடந்த பதினொரு குஞ்சுகள் உயிரோடு விழுந்தன. அரிசி அளவுதான். டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, புது அட்டை வைத்து அவற்றை உள்ளே விட்டிருக்கிறேன். மீனுக்கு இப்போது இறால். முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உன்னைப் போலவே.

இத்தனை சிறிய குஞ்சுக்குக் கேரட்டைத் துருவிப் போடவா, நறுக்கிப் போடவா? நோட்டில் இல்லை. வரும் ஞாயிறும் வருவேன். வேறெதுவும் பேசவேண்டாம். வராந்தாவுக்கு வந்து இதை மட்டும் சொல்லிவிட்டுப் போ. குழம்பில் உப்பு கூடுதல் என்று நீ சொன்னதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை குறைத்துப் போடுவாள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. அவருக்காவது அது சரியாக வரும்.

உன் அப்பா,
நேசையா