எண்பத்தாறு வாக்கியம் குறைகிறது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அலுத்துப்போய்க் கிடக்கிறேன், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. அப்பாவுக்குத் தொண்டையில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, வடு இழுக்கிறது என்று மட்டும் சைகை காட்டுகிறார். பேச்சு போனதிலிருந்து காது கூர்மையாகிவிட்டது, சமையலறையில் நான் போனில் முணுமுணுத்தால்கூட முன்னறையிலிருந்து கையைத் தட்டி என்ன விஷயம் என்று கேட்கிறார். அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதம். கணினி பழுது பார்க்கும் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரு வழி சொன்னார். குரல் போவதற்குள் வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசுமாம். அப்பாவும் ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தி மூன்று வாரம் வியர்வை வழிய உட்கார்ந்து அறுநூறு வாக்கியம் படித்தார். கரகரத்த குரல்தான், ஆனாலும் அவர் குரல். அதை என்ன செய்தார் தெரியுமா? ஆவணக் காப்பறையிலேயே தலை நரைத்தவர் இல்லையா, ஒரு கோப்புக்கு ஒரே பிரதிதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் குழப்பம் என்று எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்ததை ஒன்றுவிடாமல் அழித்தார். டிஸ்கைத் துணியில் சுற்றி, நாடா கட்டி, சீட்டில் வரிசை எண் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தக் கணினியையும் உன் சித்தப்பா கொண்டுபோய் அடியோடு துடைத்துப் புதிதாக்கிக்கொண்டார். போன மாதம் டீச்சர் கேட்டாரே என்று நாடாவை அவிழ்த்து, இரவல் வாங்கிய கணினியில் செருகினால் டக் டக்கென்று சத்தம்தான் வருகிறது, திறக்கவே இல்லை.

நான் சும்மா இருந்தேனா, அதுவும் இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் செருகினேன், அப்பா ரேடியோவைத் தட்டுவதுபோல அதன் முதுகில் இரண்டு தட்டு வேறு தட்டினார். இந்தக் கடைக்காரப் பெண்ணிடம் கொண்டுவந்தபோது எத்தனை தடவை செருகினீங்க என்று கேட்டாள். ரெண்டு தடவை என்றேன். என் முகத்தையே பார்த்தாள். சரி, பதினைந்து இருக்கும் என்றேன். அம்மா, உள்ள தட்டு சுத்துது, அதைப் படிக்கிற முனை ஒடிஞ்சு தட்டையே சுரண்டிட்டு இருக்கு, நீங்க செருகச் செருக அவர் குரலைத்தான் சுரண்டியிருக்கு என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். என் கையாலேயே செய்துவிட்டேனே என்று இன்னமும் மனது அடித்துக்கொள்கிறது.

அவள் வேறு முனையை வைத்து, பதினோரு நாள் போராடி, வந்த மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் கோப்புகளின் பெயர் எல்லாம் போய்விட்டது, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றையும் கேட்டு, இது எந்த வாக்கியம், முழுசாக இருக்கிறதா, பாதியில் அறுந்துவிட்டதா என்று யாராவது எழுத வேண்டும். அந்த யாராவது நான்தான். வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றால், முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அதனால் தினமும் மதியம் அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இங்கே வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். மழை வரும்போல இருக்கிறது. இந்தப் பேருந்து எங்கே போகிறது. எனக்குத் தண்ணீர் வேண்டும். இப்படியே கேட்டுக்கேட்டு முதுகு விட்டுப்போகிறது. அப்புறம் வீட்டுக்குப் போனால் அதே மனுஷன் கதவைத் திறந்து சத்தமில்லாமல் நிற்கிறார். அதற்கு இன்னும் நான் பழகவில்லை.

கேட்டு முடித்துவிட்டேன். நல்லதாக இருநூற்றுப் பதினாலு தேறியது. குறைந்தது முந்நூறாவது இருந்தால்தான் கருவி அவர் குரலைப் பிடிக்கும், இல்லையென்றால் யாரோ ஒரு ஆளின் குரலில்தான் பேசும் என்று டீச்சர் கையை விரித்துவிட்டார். பழைய பேச்சு ஏதாவது தெளிவாக இருந்தால் அதையும் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கலாம் என்றார். அப்போதுதான் உன் நினைவு வந்தது. அந்தச் சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் அவர் உனக்குக் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தாரே. தொண்டை கம்மிப்போயிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய், எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா என்று அவர் எகிறினார், நீ அவரிடம் பேசுவதையே நிறுத்தினாய். உன் மேல் தப்பில்லை. எல்லாத்தையும் அழிச்சிட்டேன் என்று அன்றைக்குக் கோபத்தில் என்னிடம் சொன்னாய். நிஜமாகவே அழித்துவிட்டாயா? உன்னிடம் கேட்கலாமா என்று அப்பாவிடம் மெல்ல எடுத்தேன், சிலேட்டில் அவள் வைத்திருக்க மாட்டாள், கேட்காதே என்று எழுதிக் காட்டிவிட்டு உடனே துடைத்தார். அவருக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். திட்டியதாக இருந்தாலும் அனுப்பு, என்ன பேசினார் என்பது கருவிக்கு வேண்டாமாம், எப்படிப் பேசினார் என்பதுதான் வேண்டுமாம். அழித்திருந்தால் அழித்துவிட்டேன் என்று சொல், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பதில் போடாமல் மட்டும் இருக்காதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். டீச்சர் கொடுத்த பட்டியல் போக, சொந்தமாகப் பத்து வாக்கியம் பேசிக்கொள்ளலாமாம். அதில் நாலுதான் பிழைத்தது. ஒன்று, என் கண்ணாடி எங்கே. இன்னொன்று, நான் கூப்பிடுறது உன் காதுல விழலையா, அது யாருக்கு என்று உனக்கே தெரியும். மூன்றாவது, எனக்கு வலிக்கலை. நாலாவதை மூன்று தடவை தொடங்கித் தொண்டையைச் செருமி நிறுத்தியிருக்கிறார், கடைசியில்தான் முழுசாக வந்திருக்கிறது. வாயாடி வந்தாச்சா, பையை அங்கயே வை, உள்ள வா, நீ சொன்னதுதான் சரி, போதுமா. கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை அனுப்பு என்று கேட்காதே, அனுப்ப மாட்டேன். நீ வாசலில் வந்து நிற்கும்போது போடுவதற்காக அவர் பேசி வைத்தது அது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அப்பா வாயால் சொல்ல முடியாததையும் சேர்த்து நானே வாழ்த்துகிறேன். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். குரல் செய்திகளை என் நம்பருக்கு அனுப்பு, தப்பித்தவறி அப்பா நம்பருக்கு அனுப்பிவிடாதே. அவர் நம்பருக்கு உன் குரலை அனுப்பு.

உன் அம்மா