இருபத்து நான்கும் ஒரு கையும்

குண்டனி நாடு, கொல்லிமலை
12.6.2024

அன்புள்ள பூபதிக்கு,

இங்கு நலம். மழை தொடங்கிவிட்டது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதிக்கொள்வோம் என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள்தான் பாதிப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

நம் செடி பரவாயில்லை. நெல்லுக்கு உரிய இருபத்து நான்கு குரோமோசோம்கள் போதாதென்று கூடுதலாக ஒரு கை, அதாவது அரைக் குரோமோசோம். அந்தச் சுமையில் ஒல்லியாகவே நிற்கிறது. மலை நெல்லின் ஊதா நிறத்துக்கான மரபணு அந்தக் கையில்தான் இருக்கிறதா என்பது, இதை இங்குள்ள மலை நெல்லோடு கலப்பினம் செய்தால்தான் தெரியும். விதை வழியே அந்தக் கை எப்போதாவதுதான் வரும். அடியில் கிளைக்கும் தூரைப் பிரித்து நட்டே காப்பாற்றுகிறோம். போன தையில் நான் நம் கோவை வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, சண்டையில்லாமல் நாம் பிரித்துக்கொண்டது அது ஒன்றைத்தான். உங்கள் பாதி எப்படி இருக்கிறது?

ஒரு டம்ளர் அரிசி வடித்தால் எனக்கு இரண்டு நாளைக்கு வருகிறது.

இளமதி

கோவை
24.6.2024

அன்புள்ள இளமதிக்கு,

நலம். என் பாதியும் நன்றாக இருக்கிறது. ஐந்து தூர் வெடித்திருக்கிறது. அங்கே குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

பூபதி

குண்டனி நாடு
9.8.2024

அன்புள்ள பூபதிக்கு,

செடி போய்விட்டது. தொட்டியில் வாடுகிறதே என்று வயலில் நட்டது என் தவறு. இங்கே விதை கலக்கக் கூடாதென்று, மாறுபட்டு நிற்கும் பயிரைக் கதிர் வரும் முன்பே பிடுங்கிவிடுவார்கள். களையெடுக்க வந்த இருசாயி அக்காவும் அதைத்தான் செய்தார்.

“சவலையா நின்னுச்சு கண்ணு. உன் வெதைக்குக் கெடுதல்னு புடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். ஒரு பயிருக்குப் போயி இப்படி அழுவாங்களா?”

அது என்ன செடி என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

மூன்று வருட வேலை. உங்களுடையதில் ஒரு தூர் போதும். ஈரத் துணியில் சுற்றி, முள்ளுக்குறிச்சி பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள்.

இளமதி

கோவை
17.8.2024

அன்புள்ள இளமதிக்கு,

அனுப்ப ஒன்றுமில்லை. மாசியிலேயே பட்டுப்போயிற்று. ஊருக்குப் போயிருந்தேன், தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஐந்து தூர் என்று எழுதியது பொய். செடி இல்லை என்றால், அடுத்த கடிதத்தில் நீ எதை விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பூபதி

குண்டனி நாடு
21.9.2024

பூபதிக்கு,

முதல் பத்து நாள் கோபத்தில் போயிற்று. பிறகு ஒரு பழைய கவரில் நம் செடியின் விதைகள் கிடைத்தன, முப்பத்தெட்டு. ஊறவைத்ததில் பன்னிரண்டு முளைத்தன. அந்தக் கை தாய்வழியில்தான் வரும், எல்லாப் பிள்ளைக்கும் வராது. ஒவ்வொன்றின் வேர்நுனியையும் நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினேன். நீங்கள் எண்ணுவதும் நான் குறித்துக்கொள்வதுமாகத்தானே பழக்கம். இப்போது இரண்டும் நானே. கடைசியாக முளைத்ததில் இருபத்து நான்கும், ஓரத்தில் அந்தச் சின்னக் கையும் இருந்தன.

இந்த முறை இருசாயி அக்காவுக்குக் காட்டினேன். தொட்டியைச் சுற்றி முள் வைத்துவிட்டு, “சவலைப் புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போயி சோறு தின்னு சாமி” என்றார்.

இப்போது ஒற்றைத் தண்டு. பிரிக்க முடியாது. தைக்குள் தூர் வெடித்துவிடும். பொங்கல் வரை பார்ப்பேன். நீங்கள் வந்தால் ஒரே தொட்டியில் இருக்கட்டும். வராவிட்டால் உங்கள் பாதியைப் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். தண்ணீர் ஊற்ற ஆள் பார்த்து வையுங்கள்.

இளமதி