பந்தலில் ஓர் இடம்

அன்புள்ள உனக்கு,

உன் தங்கையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வேண்டியவை மூன்று.

1. நம் ஊற்று.
2. சுரங்க அதிகாரி வந்து போனது.
3. உங்கள் போராட்டப் பந்தலுக்கு நான் ஏன் வரவில்லை என்பது.

மலையைத் துளைக்கத் தொடங்கியதிலிருந்து ஊற்றுநீர் கலங்கலாகத்தான் வருகிறது. துணியில் வடிகட்டிக் காய்ச்சுகிறேன்.

அதிகாரி மின்சாரக் காரில் சத்தமே இல்லாமல் வந்தார். பேட்டரிக்கான தாது நம் மலையில்தான் இருக்கிறதாம். எடுத்தால் உலகத்தில் புகை குறையுமாம். அது பொய்யில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். பிறகு சம்மதப் பத்திரத்தை நீட்டினார். உன் ஜனங்களிடம் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போவது, எனக்கு அதில் உரிமையில்லை என்றேன்.

"அட போங்க சார், வீட்டுல மீசை யாருக்கு இருக்கு? நீங்க கையெழுத்துப் போட்டா போதும். உங்க வீட்டம்மா பாட்டுக்குப் பந்தல்லயே உக்காந்திருக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. நாளைக் காலை மறுபடி வருகிறார்.

மூன்றாவது. நான் இந்த மலைக்கு மருமகனாக வந்தவன், இங்கே பிறந்தவன் அல்ல. உங்களோடு உட்கார எனக்கு என்ன உரிமை? போலீசுக்குப் பயந்துதான் வரவில்லை என்பாள் உன் தங்கை. அதுவும் கொஞ்சம் உண்டு.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மலையை எழுதிக்கொடுக்க நான் போதும் என்றால், மலைக்காக உட்காரவும் நான் போதும். மூன்றாவதாகச் சொன்னது தவறு.

காலையில் அவர் வரும்போது வீடு பூட்டியிருக்கும். உன் கம்பளியை எடுத்து வருகிறேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்.

உன் வாத்தியார்