இழைப்புளி பட்ட இடம்

ஓசூர்,
4-2-1956

அன்புத் தம்பி ராமப்பனுக்குத் திம்மராயன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் அம்மா சுகத்தையும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

நீ என் பழைய மரச்சாமான் கடையை விட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போய் மூன்று மாதமாகிறது. நல்ல வேலை கிடைத்துப் போனான் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் நமக்குத் தெரியும். துரை பங்களா ஏலத்தில் நான் எடுத்த எழுத்து மேசை. சீமையில் எந்தக் காலத்திலோ இருந்த ஒரு தச்சரின் படப் புத்தகத்தைப் பார்த்து, உன் அப்பா ஐம்பது வருஷத்துக்கு முன் துரைக்குச் செய்து கொடுத்தது. இழுப்பறைக்கு அடியில் தன் பேரைச் செதுக்கியிருந்தார். சீமைச் சாமான் என்றால்தான் பெங்களூர் டாக்டர் வாங்குவார் என்று, அதை இழைத்துவிடச் சொன்னேன். உன்னிடமே சொன்னேன். உன் கை பட்டால் தடம் தெரியாது என்பது மட்டும்தான் அன்று என் புத்தியில் இருந்தது.

வேலைக்கு வா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு வா.

திம்மராயன்


கிருஷ்ணகிரி,
13-2-1956

அண்ணாவுக்கு ராமப்பன் வணக்கம்.

சொன்னது நீங்கள், இழைத்தது நான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைக் கோபித்து என்ன பயன்?

மேசை உங்களிடம் வந்த அன்றே சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். விற்றதைச் சொல்லவில்லை. “உங்கப்பன் பேரு இருக்குதாடா? படிக்கத் தெரியாட்டி என்ன, தடவிப் பாத்துக்கறேன். ஒருதரம் கூட்டிக்கினு போ” என்று வாரம் தவறாமல் கேட்கிறாள். அண்ணா ஊரில் இல்லை, கடை பூட்டியிருக்கிறது என்று சொல்லி வருகிறேன். “அந்தத் திம்மராயன் வூடு தங்கவே மாட்டானா?” என்று நேற்று சிரித்தாள்.

ராமப்பன்


ஓசூர்,
2-3-1956

தம்பிக்கு,

பெங்களூர் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, மேசையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அவர் பேசியதைக் காகிதத்தில் எழுத முடியாது. நின்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு யோசனை. முதலில் நீ மட்டும் வா. அப்பாவின் எழுத்து உனக்கு அத்துப்படி. அதே இடத்தில் செதுக்கிவிடு. மறுநாள் அம்மாவை அழைத்து வரலாம். தடவிப் பார்க்கிற விரலுக்குப் பழசு எது, புதுசு எது என்று எப்படித் தெரியும்? அவர் மனசும் குளிரும், நமக்கும் நிம்மதி.

திம்மராயன்


கிருஷ்ணகிரி,
12-3-1956

அண்ணாவுக்கு,

மறைப்பானேன், உளியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். “ஊருக்குப் போறவனுக்கு உளி எதுக்குடா?” என்று அம்மா கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. “அவன் சொன்னான், சரி. நீ எப்பிடிடா இழைச்ச?” என்றாள். அது முந்தாநாள். இன்று காலையில், “அந்த எடமாச்சும் இருக்குதில்ல? அதக் காட்டு” என்றாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். அங்கே யாரும் எதுவும் செதுக்க வேண்டாம், மெருகும் பூச வேண்டாம். கடையில் இருங்கள். உங்களிடமும் ஏதோ கேட்க வேண்டுமாம். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. அவள் கேட்கும்போது நான் வெளியே நிற்பேன்.

ராமப்பன்